மூன்றாவது கதியால்

திருகோணமலைப் பட்டினத்தில் படம் பிடித்துப் பிழைக்கிறவனுக்கு மோட்சத்தில் தனி இடம் ஒதுக்க வேண்டும் என்பது பேணாட்டின் துணிபு. உத்தரிக்கிற தலத்து வேதனையை அவன் இங்கேயே அனுபவித்து முடித்துவிட்டான்.

அவனுடைய ஸ்ரூடியோ பஸ் நிலையத்துக்குப் பின்னால், சரீப் நானாவின் பலசரக்குக் கடைக்கு மேல்மாடியில் இருந்தது. ஒரு கதிரை, ஒரு முக்காலி, முக்காலியில் பிளாஸ்ரிக் பூ, பின்சுவரை மூடி ஒரு சீலை. சீலையில் ஒரு குளம். குளத்தில் இரண்டு அன்னம். அன்னங்களுக்குப் பின்னால் எங்கேயும் போய்ச் சேராத ஒரு மாபிள் படிக்கட்டு. படிக்கட்டுக்கு மேலே சூரியனும் சந்திரனும் பக்கத்துப் பக்கத்தில். சினிமாக் கொட்டகைக்குப் பலகை எழுதுகிற ஒருவர் சாராயத்தைக் கூலியாக வாங்கிக்கொண்டு கீறிக் கொடுத்தது. அதற்கு முன்னால் நின்று எடுக்காத படம் படமே அல்ல என்பது ஊர் முழுவதும் ஒருமுகமாய்ச் சொன்ன தீர்ப்பு.

உலகத்துக் கப்பலெல்லாம் வந்து ஒதுங்கினாலும் இடம் மிஞ்சுகிற துறைமுகம் வாசலில் கிடக்கிறது. அதை யார் பார்த்தார்கள்? இலங்கைத்துறையிலிருந்து தோணியும் பஸ்ஸும் மாறி வந்து சேருகிற மீன்காரர், பிறந்த நாள் தொட்டு உப்புத் தண்ணீரில் ஊறினவர், சீலைக் குளத்துக்கு முன்னால் விறைத்து நின்றுகொண்டு, "தம்பி, தண்ணி வடிவா விழவேணும்" என்பார். கப்பல்துறையிலிருந்து வருகிற புது மாப்பிள்ளை, அந்த ஸ்ரூடியோப் படியைத் தவிர வேறு மாடிப்படி ஏறியறியாதவன், மாபிள் படியில் கால் வைத்ததுபோல எடுக்கச் சொல்லி அடம்பிடிப்பான். பேணாட் எல்லாருக்கும் தலையாட்டுவான். மனதுக்குள் எல்லாரையும் அந்தக் குளத்தில் தள்ளி அமிழ்த்துவான்.

அடையாள அட்டை வந்த பிறகு அந்தச் சீலைக்கும் வேலை குறைந்தது. ஊரே காதைக் காட்டிக்கொண்டு வரிசையில் நின்றது. சிரிக்கக்கூடாது, தலை சாய்க்கக்கூடாது, இரண்டு காதும் தெரியவேண்டும். "மனிசனைப் படம் எடுக்கிறேல்லை, காதைத்தான் எடுக்கிறன்" என்று அவன் மனைவி கிறேசிடம் சொல்வான். கிறேஸ் கழுவிய படங்களைக் கயிற்றில் கொழுவிக் காயவிட்டபடி, "காது சோறு போடுதெல்லோ, பேசாமல் எடுங்கோ" என்பாள்.

வேலிப் பித்து அவனுக்குப் பிடித்தது கலைத் தாகத்தால் அல்ல, அவசரத்தால். பிலிம் கிடைக்காத காலம். பாணுக்கு வரிசை, சீனிக்கு வரிசை. பிலிமுக்கு வரிசையும் இல்லை. ஏனென்றால் பிலிமே இல்லை. துறைமுகத்துக் கப்பற்காரரிடம் சரீப் நானா எப்படியோ வாங்கி வைக்கிற ஒன்றிரண்டு றோல்தான் கதி. ஒரு முறை அன்புவழிபுரத்தில், பேணாட் குடியிருந்த ஒழுங்கையிலேயே, ஒரு கலியாணம். பெண் வீட்டார் படத்தைக் கெதியாய்க் கேட்டு நெருக்கினார்கள். றோல் முடியாமல் கழுவவும் ஏலாது. கடைசி இரண்டு படம் மிச்சம் கிடந்தது. மாப்பிள்ளையின் முகத்தை இன்னொரு தரம் பார்க்கிற தெம்பு அவனுக்கு இல்லை. கமராவை எதிரே திருப்பினான். எதிரே தென்னோலை பின்னிக் கட்டிய ஒரு கிடுகு வேலி, பின்னேர வெயில் அதன் ஓட்டைகளுக்குள்ளால் சல்லடையிட்டு மணலில் விழுந்துகொண்டிருந்தது. தட்டினான்.

கழுவிப் பார்த்தபோது, மாப்பிள்ளையும் பெண்ணும் விழுந்த படங்களிலெல்லாம் இரண்டு மாப்பொம்மைகள் நின்றன. வேலி விழுந்த இரண்டிலும் மூச்சு இருந்தது.

அதற்குப் பிறகு மனிதன் மனிதனாக இல்லை. வெள்ளைக்காரக் கடற்படை போகும்போது விட்டுப்போன தகரத்தில் பாதி இங்கிலிஷ் எழுத்தோடு நிற்கிற வேலி, கிழிந்த மீன்வலையைக் கட்டி மறைத்த வேலி, கருக்குமட்டை வேலி, காயப்போட்ட சாறத்தையும் பாவாடையையும் சுமந்து கூன் விழுந்த வேலி. எதைப் பார்த்தாலும் நின்றான். கடற்படை முகாமின் முட்கம்பியையும் எடுக்க ஒரு ஆசை இருந்தது. வாசற்காவலனின் துவக்கைக் கண்டதும் அந்த ஆசை தானாகவே தணிந்தது.

"ஒரு பேப்பருக்குக் காது நாலு வெட்டலாம். நீங்கள் அதில உக்கின கிடுகை அடிச்சு வைச்சிருக்கிறியள்" என்றாள் கிறேஸ்.

"உனக்கு உது விளங்காது."

"ஓமோம், எனக்கு விளங்காது. கிடுகுக்குத்தான் விளங்கும்."

கிறேசுக்காவது சிரிப்பு வந்தது. ஒழுங்கைக்கு வந்தது பயம். இந்த மண்ணில் ஒருவன் வேலியை உற்றுப் பார்க்கிறான் என்றால் அவனுக்கு அடுத்த வளவில் கண். படமும் பிடிக்கிறான் என்றால் வழக்கு. மூன்றாவதாக ஒரு காரணம் உலகத்தில் உண்டு என்று அன்புவழிபுரத்தில் யாருக்கும் எந்தப் பள்ளிக்கூடத்திலும் படிப்பித்திருக்கவில்லை.

"தம்பி, ஆர் பிடிக்கச் சொன்னது?" என்று ஒரு வீட்டுக்காரி படலையில் நின்று கேட்டாள்.

"ஒருத்தரும் சொல்லேல்லை அக்கா."

"அப்ப என்னத்துக்கு?"

"வடிவா இருக்கு."

அவள் அவனை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு வீட்டுப் பக்கம் திரும்பிச் சத்தம் வைத்தாள். "இஞ்சேருங்கோ, கெதியா வாங்கோ! பேணாட் பொய் சொல்லுறான்!"

அடுத்த கிழமை அந்த வேலி புதுக்கிடுகு போட்டு, நூல் பிடித்ததுபோல நேராக நின்றது. அதைக் கண்டு பக்கத்து வளவுக்காரன் தன்னுடையதையும் அடைத்தான். அவனைக் கண்டு அடுத்தவன். வேலி அடைக்கிறவன்தான் எல்லைக்குச் சொந்தக்காரன் என்பது ஊர் நியாயம். ஆகவே முந்திக்கொண்டு அடைத்தார்கள். அடைக்கிற சாட்டில் கதியாலை, அதாவது வேலிக்கு நட்ட உயிர்த்தடியை, அரைச் சாண் அடுத்த பக்கம் தள்ளி நட்டவர்களும் உண்டு. பேணாட் எந்த வேலியை ரசித்தானோ அது செத்தது. ஒரு மாதத்துக்குள் ஒழுங்கை முழுவதும் பெருநாளுக்குச் சவரம் செய்த முகம்போல மொழுமொழுவென்று ஆகிவிட்டது.

ஒன்றே ஒன்று தப்பியது. பஸ்தியாம்பிள்ளை வளவுக்கும் சின்னராசா வளவுக்கும் நடுவில் நின்ற வேலி.

பஸ்தியாம்பிள்ளை துறைமுகக் களஞ்சியத்தில் பொறுப்பாயிருந்து இளைப்பாறியவர். வீட்டிலும் பூட்டுகளின் திறப்புக் கோர்வையை இடுப்பில் செருகிக்கொண்டுதான் நடப்பார். சின்னராசா பஸ் டிப்போவில் நேரம் குறிக்கிற உத்தியோகம். எந்த பஸ்ஸும் நேரத்துக்குப் போனதாகச் சரித்திரம் இல்லை. இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு முழம் மணல். அந்த மணலில் ஒரு புல்லும் முளைக்காது. அதற்காகப் பத்துப் பன்னிரண்டு வருடமாக வழக்கு. சண்டையின் மூலம் மூன்றாவது கதியால். அது ஆதியில் நட்ட இடத்தில் நிற்கிறது என்பார் பஸ்தியாம்பிள்ளை. இரவோடிரவாகப் பிடுங்கித் தள்ளி நட்டது என்பார் சின்னராசா. தீர்ப்பு வரும்வரை வேலியில் ஒருவரும் கை வைக்கக்கூடாது என்பது கோட்டுக் கட்டளை. வழக்குப் பேசுகிற புரக்டர்மார் இரண்டு பேரும் தங்கள் தங்கள் வளவுக்கு மதிலே கட்டிவிட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமைப் பூசையில், "ஒருவருக்கொருவர் சமாதானம் சொல்லுங்கள்" என்று சுவாமியார் சொன்னதும் இந்த இரண்டு பேரும் ஒரே நேரத்தில் மறுபக்கம் திரும்பி, தூணுக்குச் சமாதானம் சொல்வார்கள்.

யாரும் தொடாததால் அந்த வேலி தன் இஷ்டத்துக்கு வளர்ந்தது. கிடுகு உக்கிக் கறுத்துச் சிலந்திவலை மாதிரி ஆகியிருந்தது. இற்ற இடத்தில் காற்று ஒரு சாக்கைக் கொண்டுவந்து மாட்டியிருந்தது. ஒரு பழைய கட்டிலின் சட்டம் எப்படியோ அதற்குள் சாய்ந்து நின்றது. பேணாட்டின் வளவு இரண்டுக்கும் பின்னால். கிணற்றுக் கட்டில் ஏறி நின்றால் சின்னராசாவின் பக்கம் முழுதாகத் தெரியும். பின்னேர வெயில் பஸ்தியாம்பிள்ளையின் பக்கத்திலிருந்து வேலியைத் துளைத்துக்கொண்டு வரும்போது அவன் இறங்க மறந்து நிற்பான்.

அப்படி ஒரு பின்னேரம் நிற்கும்போதுதான் கை வந்தது.

வேலியின் அடியில் ஒரு பொட்டு இருந்தது. கோழியும் நாயும் நுழைகிற ஓட்டைதான். அதற்குள்ளால் ஒரு கை முழங்கை வரை நீண்டது. கையில் ஒரு எனாமல் கோப்பை. கோப்பையில் அவித்த மரவள்ளி, ஆவி பறந்தது. கை கொஞ்ச நேரம் அப்படியே காத்து நின்றது. வெயில் புள்ளிகள் அதன் மேல் அம்மைத் தழும்புபோலச் சிதறிக் கிடந்தன. குசினிப் பக்கமிருந்து சின்னராசாவின் மனைவி அருள்மலர் வந்து கோப்பையை வாங்கினாள். கை உடனே போய்விடவில்லை. விரல்களை ஆட்டிக் கதைத்தது. அந்தப் பக்கத்தில் ஒரு சிரிப்புக் கேட்டது.

கமராவில் பிலிம் இல்லை. பேணாட் தலையில் அடித்துக்கொண்டான்.

அதே கிழமை கொழும்புப் பத்திரிகையொன்றின் ஞாயிறு இதழ் படப் போட்டி ஒன்றை அறிவித்தது. முதற் பரிசு ஒரு பெட்டி பிலிம். எடுத்தவரின் பெயரைப் படத்தின் கீழே போடுவார்களாம். பிலிம் பெட்டியையும் அவன் விரும்பினான்தான், ஆனால் பெயர்! காது எடுக்கிறவனுக்குப் பெயர் இல்லை. அடையாள அட்டையில் காதுக்காரனின் பெயர்தான் இருக்கும்.

"நானா, ஒரு றோல் வேணும்" என்று கடைக்கு இறங்கினான்.

சரீப் நானா மிளகாய் நிறுத்தபடி நிமிர்ந்து பார்த்தார். "ஆருக்குக் கலியாணம்?"

"ஒருத்தருக்கும் இல்லை. வேலிக்கு."

"வேலிக்கோ? வேலிக்குக் கலியாணமெண்டா மாப்பிள்ளை ஆரு, கதியாலோ?" கடையில் நின்றவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். ஆனாலும் நானா மிளகாய்ச் சாக்குக்குப் பின்னால் கையை விட்டு ஒரு றோலை எடுத்துப் போட்டார். "கொண்டு போங்க தம்பி. விசருக்கும் ஒரு மருந்து வேணுமே."

கிணற்றுக் கட்டில் பேணாட் தவம் கிடந்தான். கை தினமும் வந்தது. ஆனால் வெயில் இருக்கிற நாளில் நேரம் பிந்தி வந்தது, நேரத்துக்கு வந்த நாளில் மேகம் மறைத்தது. கடைசியில் ஒரு நாள் எல்லாம் கூடி வந்தன. கோப்பை, கை, வெயில், கட்டில் சட்டத்தின் நிழல். ஓரத்தில் மூன்றாவது கதியாலும் நின்றது. அதை அவன் கவனிக்கவேயில்லை.

இருட்டறையில் படம் தண்ணீருக்குள் மெல்ல மெல்ல எழும்பியபோது பேணாட்டுக்குக் கண் கலங்கியது. வெளியே கொண்டுவந்து கிறேசின் முன்னால் நீட்டினான். இப்போதாவது இவளுக்கு விளங்கட்டும் என்று நின்றான்.

கிறேஸ் ஒரு கணந்தான் பார்த்தாள்.

"ஐயோ, இது மரியம்மாக்கான்ர கையெல்லோ!"

மரியம்மா பஸ்தியாம்பிள்ளையின் மனைவி.

"எப்பிடித் தெரியும்?"

"எப்பிடித் தெரியுமோ? சின்ன விரல் வளைஞ்சு நிக்குது. மணிக்கட்டில எண்ணெய் தெறிச்ச தழும்பு. உங்களுக்குக் கண் இருக்கோ, இல்லாட்டில் அதுக்கும் கமராவோ?"

அடுத்த நாள் மரியம்மா ஸ்ரூடியோப் படியேறி வந்தாள். அவள் கடைத்தெருப் பக்கம் வருவது நத்தார்ப் பண்டிகைக்கும் கோயிற் பெருநாளுக்குந்தான். தலையில் முந்தானையை இழுத்து விட்டுக்கொண்டு, அன்னக் குளத்துக்கு முன்னால் போய் நின்றாள், கரைக்கு வந்தவள் மாதிரி.

"தம்பி, கிறேஸ் சொன்னவ. உந்தப் படத்தைக் கொழும்புக்கு அனுப்பப் போறியாமே."

"போட்டிக்கு அக்கா. நல்ல படம்."

"நல்லதாய் இருக்கட்டும். கிழிச்சுப்போடு."

பேணாட்டுக்கு நெஞ்சில் இடி விழுந்தது. "ஏனக்கா? கை மட்டுந்தானே விழுந்திருக்கு. முகம் இல்லையே."

"என்ர மனிசனுக்கு அந்தக் கையைத் தெரியாதோ? அதாலைதானே இத்தனை வருஷம் சாப்பிடுகுது." அவள் குரலைத் தாழ்த்தினாள். "தெரிஞ்சால் பொட்டை அடைச்சுப்போடும் தம்பி. சண்டை அவையளுக்கு. கதை எங்களுக்கு. அருள்மலரோட நாலு வார்த்தை கதைக்காட்டில் எனக்கு நாள் போகாது. வீட்டில கதைக்க ஆர் இருக்கினம்? மனிசன் வழக்கைக் கதைக்கும், இல்லாட்டில் திறப்புக் கோர்வையைக் கதைக்கும்."

அவன் மூக்கைச் சொறிந்தான். "சரியக்கா. அனுப்பேல்லை."

"மாதாவாணை?"

"மாதாவாணை."

மரியம்மா படியிறங்கப் போனவள் சீலையைத் திரும்பிப் பார்த்தாள். "உதென்ன தம்பி, சூரியனும் சந்திரனும் ஒண்டா நிக்குது?"

"இஞ்சை எல்லாம் நடக்கும் அக்கா" என்றான் பேணாட்.

மாதாவின் மீது வைத்த ஆணை முடிவு திகதிக்கு முந்தின நாள்வரை நின்றது. அன்று பூராவும் அவன் காது எடுத்தான். புதிதாய் அடையாள அட்டைக்கு வந்த ஒரு பெரியவர், படத்தைப் பார்த்துவிட்டு, "எனக்கு இவ்வளவு பெரிய காதோ? நீ கமராவில ஏதோ பிழை விட்டிட்டாய்" என்று பணம் தராமல் போனார். அதோடு பேணாட்டின் கலைமனம் பொங்கியது. பத்திரிகைக்கு எத்தனையோ படம் போகும், இதுவா வரப்போகிறது? வந்தாலும் அன்புவழிபுரத்தில் பத்திரிகை வாங்குவது கருவாடு சுற்றத்தானே? சுற்றாமல் பார்த்தாலும் ஒரு கையைக் கண்டு ஆளைப் பிடிக்க எவனால் ஏலும்? கிறேஸ் கண் மூடித் திறக்கிறதுக்குள் பிடித்துவிட்டாள் என்பதை வசதியாக மறந்தான். உறையில் போட்டு ஒட்டினான்.

படம் வந்தது. அரைப் பக்கத்துக்கு. முதற் பரிசு. கீழே, 'கிராமத்தின் எழில்' என்று யாரோ ஒரு உதவி ஆசிரியர் பெயர் வைத்திருந்தார். பட்டினத்து ஒழுங்கையில் உக்கின கிடுகு அவருக்குக் கிராமம். 'படம்: பேணாட்' என்று சின்ன எழுத்தில் இருந்தது. சரீப் நானா பத்திரிகையைக் கடை வாசலில் தொங்கவிட்டு, "நம்மட வேலி மாப்பிள்ளை" என்று வந்தவர் போனவருக்கெல்லாம் காட்டினார் என்று பிறகு கேள்வி.

பேணாட்டுக்குப் பெருமைப்பட நேரம் கிடைக்கவில்லை. கிறேஸ் பத்திரிகையைப் பார்த்தாள். அவனைப் பார்த்தாள். பூசைக்குப் போனாள், வந்தாள், ஒரு வார்த்தை பேசவில்லை. மத்தியானம் கிணற்றடியில் அவன் முகம் கழுவிக்கொண்டு நிற்கும்போது இரண்டு பக்கத்திலிருந்தும் செருப்புச் சத்தம் கேட்டது. ஒரு பக்கத்தால் பஸ்தியாம்பிள்ளை, கையில் பத்திரிகை. மறுபக்கத்தால் சின்னராசா, கையில் பத்திரிகை. பேணாட் வாளியைக் கீழே வைத்தான். பஸ்தியாம்பிள்ளைக்குப் பின்னால் மரியம்மா வந்தாள், முகத்தில் இரத்தம் இல்லை. வந்து கிறேசோடு குசினி வாசலில் ஒதுங்கினாள்.

இரண்டு ஆண்களும் ஒருவரையொருவர் காணாதவர்கள்போல நின்றார்கள். பஸ்தியாம்பிள்ளை பத்திரிகையைக் கிணற்றுக் கட்டில் விரித்து ஓங்கி அடித்தார்.

"தம்பி பேணாட்!"

"அண்ணை, நான் தெரியாமல்…"

"நீ என்னைக் காப்பாத்திப்போட்டாய்!"

பேணாட் பத்திரிகையை எட்டிப் பார்த்தான்.

"இஞ்சை பார். மூண்டாவது கதியால். நேரா நிக்குது. நட்ட இடத்தில நிக்குது. கமரா பொய் சொல்லுமோ? எனக்கு இதில பெரிய கொப்பி ரெண்டு வேணும், கோட்டில குடுக்க."

"தம்பி, ஆரோ ஒராள் இஞ்சை விசர்க் கதை கதைக்குது போல கிடக்கு" என்றார் சின்னராசா, வானத்தைப் பார்த்து. "கதியாலின்ர அடியைப் பார். மண் கிளறின அடையாளம் வெளிச்சமா விழுந்திருக்கு. பிடுங்கி நட்டதுக்கு இதை விட என்ன சாட்சி? எனக்கு மூண்டு கொப்பி."

"அது கோழி கிளறினது எண்டு அவரிட்டைச் சொல்லு தம்பி."

"கோழிக்குக் கோட்டில சாட்சி சொல்லத் தெரியாதெண்டு இவரிட்டைச் சொல்லு."

இரண்டு தலையும் படத்தின்மேல் குனிந்தன. விரலால் அளந்தார்கள். கதியாலுக்கும் கட்டில் சட்டத்துக்கும் இடையில் எவ்வளவு, சட்டத்துக்கும் சாக்குக்கும் இடையில் எவ்வளவு என்று முட்டி மோதினார்கள். பஸ்தியாம்பிள்ளையின் கட்டைவிரல் அந்தக் கையின் மேலேயே ஊன்றி நின்றது.

பேணாட்டுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. உயிர் வந்ததும் இறுமாப்பும் வந்தது. அவன் பேசாமல் இருந்திருக்கலாம். ஆனால் அரைப் பக்கத்தில் வந்த படத்தை ஒருவன் கதியாலுக்காகப் பார்ப்பதைப் பொறுக்க அவனால் ஏலவில்லை.

"அண்ணை, படத்தில வேற ஒண்டும் தெரியேல்லையோ?"

"வேற என்ன?"

"நடுவில."

பஸ்தியாம்பிள்ளை கட்டைவிரலை எடுத்துப் பார்த்தார். "ஒரு கை. ஆரோ வேலைக்காரியின்ர கையாக்கும். அது ஏன் குறுக்க வந்தது? அது இல்லாட்டில் கதியால் இன்னும் வடிவா விழுந்திருக்கும்."

குசினி வாசலில் நின்ற கிறேஸ் மரியம்மாவின் தோளைப் பிடிக்கப் போனாள். மரியம்மா அதை விலக்கிவிட்டு நடந்து வந்தாள். பயந்து பயந்து வந்த பெண் இப்போது பயமில்லாமல் வந்தாள். கிணற்றுக் கட்டில் விரித்திருந்த பத்திரிகையின் மேல், படத்திலிருந்த கைக்குப் பக்கத்தில் தன் கையை வைத்தாள். விரலை விரித்தாள். சின்ன விரல் வளைந்து நின்றது. தழும்பு வெயிலில் மினுங்கியது.

"இது ஆர்ர கை?"

பஸ்தியாம்பிள்ளை இந்தக் கையைப் பார்த்தார். அந்தக் கையைப் பார்த்தார். சின்னராசாவும் பார்த்தார், பிறகு கோப்பையைப் பார்த்து, "அட, அந்தக் கோப்பை எங்கட வீட்டில கிடக்கிற கோப்பையெல்லோ" என்று வாய்க்குள் முணுமுணுத்தார்.

"நீ… அந்தப் பொட்டுக்குள்ளாலை…" என்று இழுத்தார் பஸ்தியாம்பிள்ளை. அவர் முகத்தில் ஏதோ ஒன்று மெல்ல மெல்ல விடிந்துகொண்டு வந்தது. வெட்கமாக இருக்கலாம் என்று பேணாட் நினைத்தான். இடுப்புத் திறப்புக் கோர்வை ஒரு தரம் குலுங்கியது.

"உந்தப் பொட்டை வெட்டினது ஆர்? அவையளோ? அவையளெண்டால் சொல்லு. கோட்டு ஓடரை மீறினது. புரக்டரிட்டைச் சொன்னால் வழக்கு முடிஞ்சுது!"

மரியம்மா கையை எடுத்துச் சேலையில் துடைத்தாள்.

"நான்தான் வெட்டினனான். உங்கட கத்தியாலை."

"என்னத்துக்கு?"

"உப்பு முடிஞ்சுது. நீங்கள் கோட்டுக்குப் போயிருந்தனீங்கள்." அவள் பேணாட்டின் பக்கம் திரும்பினாள். "மாதாவாணை எண்டனி, தம்பி."

"அக்கா, படம்…"

"ஓம், நல்ல படந்தான். ஆரும் சொல்லத் தேவையில்லை."

அவள் நேரே வேலிக்குப் போனாள். பொட்டுக்கு மேலே உக்கின கிடுகை இரண்டு கையாலும் பிடித்து இழுத்தாள். பத்துப் பன்னிரண்டு வருடத்துத் தூசு கிளம்பியது. சாக்கு விழுந்தது, கட்டில் சட்டம் சரிந்தது.

"கதியாலைத் தொடாதை!" என்று பஸ்தியாம்பிள்ளை கத்தினார்.

"கதியாலைத் தொடாதையுங்கோ!" என்று சின்னராசாவும் கத்தினார். வழக்குத் தொடங்கிய பிறகு இரண்டு பேரும் ஒரே வார்த்தையைச் சொன்னது அதுதான் முதல் தரம்.

மரியம்மா கதியாலைத் தொடவில்லை. ஆள் நிமிர்ந்து போகக்கூடிய அளவுக்கு ஓட்டை ஆனதும் முந்தானையைத் தட்டி உதறி, அந்தப் பக்கம் போனாள். அருள்மலர் குசினிப் படியில் நின்றாள். கோயிலில் தூரத்தில் முந்தானை மறைவில் கண்டதைத் தவிர, எத்தனை வருடமாய் ஒருவரையொருவர் முழங்கை வரைதான் பார்த்திருந்தார்களோ, இரண்டு பேரும் இப்போது கிட்ட நின்று முகத்தைப் பார்த்தார்கள்.

"நரைச்சுப்போனியள் அக்கா" என்றாள் அருள்மலர்.

"நீ மட்டும் என்ன குமரோ?" என்றாள் மரியம்மா. "தேத்தண்ணி வை."

கிணற்றடியில் வாக்குவாதம் வலுத்தது. பெண்சாதி எல்லை தாண்டினால் அது புருசன் தாண்டினதாகுமோ, கிடுகு வேலியில் சேர்த்தியோ இல்லையோ என்று இரண்டு பேரும் முதல் முறையாக நேருக்கு நேர் நின்று, மிகுந்த உற்சாகத்தோடு கதைத்தார்கள். கோழி ஒன்று புது வழியால் போய் வந்தது. அதையும் இரண்டு பேரும் கணக்கில் எடுத்தார்கள்.

கிறேஸ் பேணாட்டின் பக்கத்தில் வந்து நின்றாள். காலையிலிருந்து அப்போதுதான் வாய் திறந்தாள்.

"கமராவை எடுத்துக்கொண்டு வாங்கோவன். ரெண்டு பேரும் படியில இருந்து தேத்தண்ணி குடிக்கினம், பாருங்கோ."

பேணாட் கண்ணைச் சுருக்கிப் பார்த்தான். வேலியின் நடுவில் ஒரு பெரிய வெறுமை. சாக்கு இல்லை, சட்டம் இல்லை, சல்லடை இல்லை. இத்தனை வருடமாய்க் காற்றும் மழையும் கோட்டும் கூடிச் செய்த வேலையை ஒரு பெண் ஒரு நிமிடத்தில் பாழாக்கிவிட்டாள்.

"வெயில் உச்சியில நிக்குது" என்றான். "இப்ப எடுத்தால் ஒண்டும் விழாது. வேலியும் போச்சு."

கிறேஸ் அவனைப் பார்த்தாள். பிறகு, அதற்குள் வேலிக்குப் போய்க் கதியாலடியில் குந்தியிருந்து சாணால் அளந்துகொண்டிருந்த அந்த இரண்டு பேரையும் பார்த்தாள். பார்வையில் வித்தியாசம் ஒன்றும் இருக்கவில்லை. குசினிக்குள் போய்ச் சீனிப் போத்தலை எடுத்துக்கொண்டு, மூன்று ஆண்களையும் சுற்றிக்கொண்டு, வேலிக்குள்ளால் நடந்து போனாள்.